சட்டச் சீர்திருத்த அமைப்பின் கூட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முறை

நடப்புச் சட்டங்களை ஆராய்ந்து திருத்தங்களைப் பரிந்துரைக்கும் சட்டச் சீர்திருத்த அமைப்புகளில் இரண்டு வகை உண்டு. சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் உருவானவை ஒரு வகை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான சட்ட ஆணையம் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அரசு, பல்கலைக்கழகம், வழக்கறிஞர் கழகம் ஆகியவை சேர்ந்து கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தத்தையே அடித்தளமாகக் கொண்டவை இன்னொரு வகை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் மாகாண அரசும் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகமும் வழக்கறிஞர் கழகமும் 1967இல் செய்துகொண்ட ஒப்பந்தம் இந்த இரண்டாம் வகைக்கு முன்மாதிரியாக அமைந்தது. ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா 2001இலும் தெற்கு ஆஸ்திரேலியா 2010இலும் அதே மாதிரியைப் பின்பற்றின. ஒன்டாரியோவில் 2007இல் தொடங்கிய சட்ட ஆணையத்துக்குப் பின்னால் சட்ட அறக்கட்டளை, அட்டர்னி ஜெனரல் அமைச்சகம், ஆஸ்குட் ஹால் சட்டக் கல்லூரி, வழக்கறிஞர் கழகம், மாகாணத்தின் சட்டக் கல்லூரி முதல்வர்கள் என ஐந்து தரப்பினர் இருந்தனர்.

இந்த வழிகாட்டி இரண்டாம் வகை அமைப்பின் இயக்குநருக்கும் ஆட்சிக் குழுவினருக்கும் உரியது. ஒப்பந்தத்தால் உயிர்வாழும் அமைப்புக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. பல இடங்களில் அது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. அந்தத் தேதி நெருங்கும்போது எல்லோருடைய கவனமும் எவ்வளவு பணம் கிடைக்கும் என்ற கேள்வியின் மேல் குவிந்துவிடும். பணம் தேவைதான். ஆனால் எந்தச் சட்டத்தை ஆராய்வது, என்ன முடிவுக்கு வருவது, அதை எப்போது வெளியிடுவது என்பவற்றை அமைப்பே தீர்மானிக்கும் உரிமையும் இதே நேரத்தில்தான் உறுதிப்படுகிறது அல்லது கரைகிறது. அது ஒரே நாளில் பறிபோவதில்லை; புதுப்பிப்புக்குப் புதுப்பிப்பு ஒரு சொல், ஒரு துணைச் சொற்றொடர் எனச் சேர்ந்து போகிறது. ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் தன்னாட்சி குறித்த கேள்வியை முதலிலும் நிதி குறித்த கேள்வியை அடுத்தும் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பழைய ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தல்

வேலை பழைய ஒப்பந்தத்தின் கையெழுத்திட்ட பிரதியைத் தேடி எடுப்பதிலிருந்து தொடங்குகிறது. கணினியில் இருக்கும் வரைவு போதாது. கையெழுத்தான பிரதியும், பிற்பாடு செய்யப்பட்ட திருத்தங்களும், நீட்டிப்புக் கடிதங்களும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். அதன் பிறகு ஒப்பந்தத்தில் எழுதப்படாத ஏற்பாடுகளைப் பட்டியலிடுங்கள். பல்கலைக்கழகம் தரும் அறைகள், நூலக அனுமதி, கணினிச் சேவை, சம்பளப் பட்டியல் நிர்வாகம், அமைச்சகம் அனுப்பிவைத்த வழக்கறிஞரின் பணி, கருத்துக் கேட்பதற்காக அமைப்பு வெளியிடும் ஆலோசனைத் தாள்களை வழக்கறிஞர் கழகம் தன் உறுப்பினர்களுக்கு அனுப்பித் தரும் வழக்கம் போன்றவை பெரும்பாலும் யாரோ இருவர் பேசி முடித்துக்கொண்டவையாக இருக்கும். பேசியவர்கள் பதவியிலிருந்து போனதும் அந்த ஏற்பாடும் போய்விடக்கூடும்.

அடுத்து, அமைப்புக்குத் தனிச் சட்ட ஆளுமை, அதாவது தன் பெயரிலேயே ஒப்பந்தம் செய்யவும் சொத்து வைத்துக்கொள்ளவும் சட்டம் தரும் தகுதி, உண்டா என்பதை உறுதி செய்யுங்கள். ஒப்பந்தத்தால் உருவான அமைப்புகளில் சில பதிவு பெற்ற நிறுவனங்கள் அல்ல. சட்டத்தின் பார்வையில் அவை பல்கலைக்கழகத்தின் ஓர் அலகாகவே இருக்கலாம். அப்படியானால் ஊழியர்களின் முதலாளி யார், வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, வெளியிட்ட அறிக்கைகளின் பதிப்புரிமை யாருடையது, செலவழியாத பணம் யாருக்குச் சேரும் என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒப்பந்தம் காலாவதியாகும் நாளன்று விடை என்னவாக இருக்கும் என்பதை எழுதிப் பாருங்கள். விடை தெளிவாக இல்லாத இடங்களையெல்லாம் புதிய ஒப்பந்தம் நிரப்ப வேண்டும்.

தரப்பினரின் பெயர்களையும் சரிபாருங்கள். இது சிறிய காரியமாகத் தோன்றலாம். மேல் கனடா வழக்கறிஞர் கழகம் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட அமைப்பு 2018இல் ஒன்டாரியோ வழக்கறிஞர் கழகமாகப் பெயர் மாறியது. தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டின் இரண்டு பல்கலைக்கழகங்கள் இணைந்து, 2026இல் புதிய பல்கலைக்கழகமாகச் செயல்படத் தொடங்கியுள்ளன. அமைச்சகங்கள் தேர்தலுக்குத் தேர்தல் பிரிந்தும் சேர்ந்தும் பெயர் மாறும். வாரிசு அமைப்பு முந்தைய அமைப்பின் கடமைகள் அனைத்தையும் ஏற்கும் என்று ஒரு வரி இல்லாவிட்டால், பெயர் மாற்றம் ஒன்றே விலகுவதற்கான சாக்காகிவிடும்.

காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுதல்

முடிவுத் தேதிக்குப் பதினெட்டு மாதங்களுக்கு முன்பாவது வேலையைத் தொடங்குங்கள். தரப்பினர் நால்வர் அல்லது ஐவர் என்றால் இரண்டு ஆண்டுகள் வைத்துக்கொள்வது நல்லது. இது மிகையான எச்சரிக்கை அன்று. கையெழுத்திடுபவர்கள் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு ஆண்டுச் சுழற்சி உண்டு. கனடாவில் அரசின் நிதி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, ஆஸ்திரேலியாவில் ஜூலையில். அமைச்சகத்தின் வரவு செலவுக் கோரிக்கை அதற்குப் பல மாதங்கள் முன்பே முடிவாகிவிடும். அறக்கட்டளையின் நல்கைக் குழு ஆண்டில் சில முறைதான் கூடும். பல்கலைக்கழக ஆட்சிமன்றத்தின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறக் கூட்டத்துக்கு வாரக்கணக்கில் முன்பே தாள்களைக் கொடுக்க வேண்டியிருக்கும். வழக்கறிஞர் கழகத்தின் நிர்வாகிகள் தேர்தலில் வருபவர்கள். உங்களோடு பேச்சைத் தொடங்கியவரே கையெழுத்திடுவார் என்று சொல்வதற்கில்லை.

இவை அனைத்தையும் ஒரே தாளில் வரைந்து, அவற்றின் மேல் சட்டமன்றத் தேர்தல் வரக்கூடிய மாதங்களையும் குறியுங்கள். தேர்தல் அறிவிக்கப்பட்ட பிறகு அரசு புதிய நீண்ட காலப் பொறுப்புகளை ஏற்பதில்லை. தேர்தல் முடிந்து புதிய அமைச்சர் வந்தால், அவருக்கு அமைப்பைப் பற்றிச் சொல்லிப் புரியவைக்கவே சில மாதங்கள் ஆகும். முடிவுத் தேதியும் தேர்தலும் ஒரே ஆண்டில் வருமானால், தேர்தலுக்கு முன்பே புதுப்பித்துவிடுவதா அல்லது ஓராண்டு நீட்டிப்பு வாங்கிக்கொண்டு பின்னர் அமைதியாகப் பேசுவதா என்பதை ஆட்சிக் குழு முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். என் கணிப்பில், அமைச்சகத்தில் உங்கள் பணியை அறிந்த மூத்த அதிகாரிகள் இருக்கும் வரை முதல் வழியே நல்லது. அவர்கள் மாறிவிட்டிருந்தால் நீட்டிப்பு பாதுகாப்பானது.

மதிப்பீட்டை நடத்துதல்

புதுப்பிப்புக்கு முன் வெளியார் ஒருவரைக் கொண்டு மதிப்பீடு செய்விப்பது நல்ல நடைமுறை. ஒப்பந்தம் அதைக் கட்டாயமாக்காவிட்டாலும் நீங்களே முன்வந்து செய்யுங்கள். நிதி தருபவர்கள் கேட்ட பிறகு செய்யும் மதிப்பீடு விசாரணையின் தொனியை அடைந்துவிடும். மதிப்பீட்டாளரை யார் நியமிப்பது, செலவை யார் ஏற்பது, வரைவு அறிக்கை யாருக்கெல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்பவற்றை எல்லாத் தரப்பினரும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

எதை அளப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பரிந்துரைகளில் எத்தனை சட்டமாயின என்ற கணக்கை மட்டும் கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அந்தக் கணக்கை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதைத் தனியாக நிற்கவிடவும் கூடாது. சட்டமாக்குவது சட்டமன்றத்தின் வேலை, அதன் நேரத்தை எந்த ஆய்வு அமைப்பும் கட்டுப்படுத்த முடியாது. அறிக்கை வெளியாகிப் பத்து ஆண்டுகள் கழித்து அதன் வரைவு மசோதா எடுத்துக்கொள்ளப்படுவதும் உண்டு. நிதி தருபவர் எண்ணிக்கையை மட்டும் நம்பத் தொடங்கினால், எளிதில் நிறைவேறக்கூடிய சிறு திருத்தங்களையே தேர்ந்தெடுக்கும் அழுத்தம் அமைப்பின் மேல் விழும். முதியோர் காப்பாண்மை, பிரிந்து வாழும் இணையரின் சொத்து, மனநலச் சிகிச்சைக்கான ஒப்புதல் போன்ற, பல ஆண்டு உழைப்பைக் கேட்கும் கடினமான தலைப்புகள் ஒதுக்கப்பட்டுவிடும். தனி அமைப்பு ஒன்று தேவைப்படுவதே அந்தக் கடினமான தலைப்புகளுக்காகத்தான்.

ஆகவே மதிப்பீட்டாளருக்கு நான்கு வகைச் சான்றுகளைத் தயாராகக் கொடுங்கள்: தீர்ப்புகளில் உங்கள் அறிக்கைகள் மேற்கோள் காட்டப்பட்ட இடங்கள், அமைச்சகமோ நீதிமன்றமோ தீர்ப்பாயமோ சட்டத் திருத்தம் இல்லாமலே நடைமுறையை மாற்றிக்கொண்ட நிகழ்வுகள், பிற மாகாணங்களும் நாடுகளும் உங்கள் ஆய்வைப் பயன்படுத்திய விதம், ஆலோசனைக் கூட்டங்களுக்கு வந்து பேசியவர்கள் யார், வராதவர்கள் யார் என்ற நேர்மையான பதிவு. கடைசியாகச் சொன்னதில் குறை இருந்தால் அதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். தொலைதூரப் பகுதி மக்களோ, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களோ உங்கள் ஆலோசனைகளில் இடம்பெறவில்லை என்றால், அடுத்த ஐந்து ஆண்டுகளில் அதைச் சரிசெய்யத் தேவைப்படும் தொகையைக் கேட்பதற்கு அதுவே வலுவான நியாயமாகும்.

ஒவ்வொரு தரப்பையும் தனியே சந்தித்தல்

எல்லாத் தரப்பினரையும் ஒரே மேசையில் கூட்டித் தொடங்குவது நியாயமாகத் தோன்றினாலும் நடைமுறையில் அது பயன் தருவதில்லை. மற்றவர்கள் முன்னிலையில் யாரும் தமது உண்மையான தயக்கத்தைச் சொல்ல மாட்டார்கள். முதலில் தனித்தனியே சந்தியுங்கள். வரைவு தயாரான பிறகு கூட்டுங்கள்.

அமைச்சகத்துக்கு இரண்டு எண்ணங்கள் ஒரே சமயத்தில் இருக்கும். தனது அவசரத் தேவைகளை அமைப்பு ஆராய்ந்து தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒன்று. அமைப்பின் அறிக்கை ஒரு மோசமான நேரத்தில் வெளிவந்து அமைச்சரைச் சங்கடப்படுத்திவிடக் கூடாது என்ற அச்சம் இன்னொன்று. இரண்டுக்கும் தன்னாட்சியைக் குறைக்காத விடைகள் உண்டு. அமைச்சர் ஒரு தலைப்பைப் பரிந்துரைக்கலாம். ஆட்சிக் குழு அதை ஏற்கலாம் அல்லது காரணம் சொல்லி மறுக்கலாம். ஏற்றால் அதற்கான கூடுதல் செலவை அமைச்சகம் தனியே தர வேண்டும். அறிக்கை வெளியாகும் தேதியைச் சில நாட்கள் முன்னதாக அமைச்சகத்துக்குத் தெரிவிக்கலாம். ஆனால் ஒப்புதல் கேட்கக் கூடாது. இந்த வேறுபாட்டைப் பேச்சின் முதல் நாளிலேயே பணிவாகவும் தெளிவாகவும் சொல்லிவிடுவது பின்னால் வரும் பல வாரச் சிரமத்தைத் தவிர்க்கும்.

பல்கலைக்கழகத்தின் கேள்வி வேறு. இடமும் நிர்வாகச் சேவையும் தருகிறோம், மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதனால் என்ன கிடைக்கிறது என்று அது கேட்கும். மாணவர் ஆய்வுப் பணி, சட்டச் சீர்திருத்தம் பற்றிய பாடம், ஆசிரியர்களுக்கு ஓராண்டு ஆய்வு இருக்கை போன்றவற்றைக் காட்டுங்கள். டாஸ்மேனியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் அமைப்பு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருந்ததால் மாணவர்களும் ஆசிரியர்களும் சட்டச் சீர்திருத்தப் பணியில் நேரடியாகப் பங்கேற்க வழி இருந்தது. அதே நேரம், நிதியளிப்பவர் தரும் தொகையிலிருந்து பல்கலைக்கழகம் மேல்நிலைச் செலவு (பொது நிர்வாகச் செலவு) என்ற பெயரில் எத்தனை சதவீதம் பிடித்துக்கொள்ளும் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால், ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கைக்கு வரும் தொகை நீங்கள் கணக்கிட்டதைவிடக் குறைவாக இருக்கும்.

வழக்கறிஞர் கழகம் தன் உறுப்பினர்களின் கட்டணத்திலிருந்து ஆதரவு தருகிறது என்றால், அதன் ஆட்சிக்குழுவில் உறுப்பினர் நலனை முன்வைத்துக் கேள்வி கேட்பவர்கள் இருப்பார்கள். அமைப்பின் சில பரிந்துரைகள் வழக்கறிஞர்களின் வருமானத்தைப் பாதிக்கக்கூடியவையாகவும் இருக்கும். அதை மூடி மறைக்க வேண்டாம். நடைமுறையில் இருக்கும் வழக்கறிஞர்களுக்கு உங்கள் அறிக்கைகளும் சட்ட விளக்கங்களும் அன்றாடம் எப்படிப் பயன்படுகின்றன என்பதை அவர்களுடைய வாயிலாகவே சொல்லவையுங்கள்.

அறக்கட்டளையோடு பேசும்போது அதன் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொண்டு போங்கள். கனடாவின் மாகாணங்களில் வழக்கறிஞர்கள் தங்கள் கட்சிக்காரர்கள் பலருடைய பணத்தைச் சேர்த்துக் கூட்டு அறக்கணக்கு என்ற வங்கிக் கணக்கில் வைத்திருக்கும்போது கிடைக்கும் வட்டி சட்ட அறக்கட்டளைக்குச் சேருகிறது. வட்டி விகிதம் இறங்கினால் அறக்கட்டளையின் கையும் இறுகும். கனடாவின் மத்திய வங்கி தன் விகிதத்தை 2009 ஏப்ரலிலும் 2020 மார்ச்சிலும் 0.25 சதவீதமாக இறக்கியது. வட்டியை நம்பியிருக்கும் அமைப்புகளுக்கு அத்தகைய காலங்கள் எவ்வளவு கடினமானவை என்பது சொல்லாமலே விளங்கும். வட்டி நன்றாக இருக்கும் ஆண்டுகளில் ஒரு பகுதியைக் காப்பு நிதியாக ஒதுக்கிவைக்க அனுமதி கேளுங்கள். செலவழியாத பணத்தை ஆண்டு முடிவில் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் காப்பு நிதி உருவாகவே முடியாது.

தன்னாட்சியைத் தாங்கும் ஷரத்துகள்

வரைவு எழுதும் பொறுப்பை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் வரைவை எழுதுபவரின் சொற்களே பெரும்பாலும் கடைசி வரை நிலைக்கின்றன. அமைச்சகத்தின் வழக்கறிஞர்கள் தங்களிடம் உள்ள பொதுவான நல்கை ஒப்பந்தப் படிவத்தை அனுப்பி, இதில் கையெழுத்திட்டால் போதும் என்று சொல்லக்கூடும். அத்தகைய படிவங்கள் சேவை வாங்குவதற்காக எழுதப்பட்டவை. அவற்றில் வெளியீடுகளுக்கு முன் அனுமதி பெற வேண்டும், உருவாக்கிய பொருள் நிதியளிப்பவருக்குச் சொந்தம், நிதியளிப்பவர் விரும்பினால் காரணமின்றி ரத்து செய்யலாம் என்பன போன்ற வரிகள் இருக்கும். சட்டச் சீர்திருத்த அமைப்புக்கு இவை மூன்றும் பொருந்தாதவை. நல்கைக்குத் தனிக் கடிதம் தேவைப்பட்டால் இருக்கட்டும். அந்தக் கடிதத்துக்கும் கூட்டு ஒப்பந்தத்துக்கும் முரண் வந்தால் கூட்டு ஒப்பந்தமே மேலோங்கும் என்று இரண்டிலும் எழுதுங்கள்.

தன்னாட்சியை முகவுரையில் அழகான வாக்கியமாக எழுதிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. முகவுரை கடமையை உருவாக்குவதில்லை. அது செயல்படும் ஷரத்துகளாக உள்ளே வர வேண்டும். திட்டத் தேர்வு ஆட்சிக் குழுவின் இறுதி முடிவு என்றும், அறிக்கைகளையும் ஆலோசனைத் தாள்களையும் எந்தத் தரப்பின் முன் அனுமதியும் இன்றி வெளியிடலாம் என்றும், இயக்குநரை நியமிப்பதும் நீக்குவதும் ஆட்சிக் குழுவின் அதிகாரம் என்றும் நேரடியான வாக்கியங்களில் எழுதுங்கள். மூன்றாவது அடிக்கடி விடுபட்டுப்போகிறது. இயக்குநர் பல்கலைக்கழக ஊழியராக இருக்கும் இடங்களில் அவரை நீக்கும் அதிகாரம் ஓர் உதவித் துணைவேந்தரிடம் சென்று சேர்ந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. பல்கலைக்கழகம் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும், ஆட்சிக் குழுவின் தீர்மானம் இல்லாமல் எதுவும் செய்யாது என்று அதைக் கட்டுப்படுத்த வேண்டும்.

ஆட்சிக் குழுவின் அமைப்பு இன்னொரு நுட்பமான இடம். ஒவ்வொரு தரப்புக்கும் ஒன்று அல்லது இரண்டு நியமன இடங்கள் இருப்பது இயல்பு. ஆனால் நியமிக்கப்பட்டவர், தம்மை அனுப்பிய தரப்பின் கட்டளைப்படி நடக்கும் பிரதிநிதியாக அல்லாமல் தம் சொந்த அறிவின்படி முடிவெடுக்கும் உறுப்பினராகவே இருப்பார் என்று ஒரு வரி வேண்டும். எந்தத் தரப்பும் தனியாகவோ இன்னொன்றோடு சேர்ந்தோ பெரும்பான்மை பெறாத வகையில் எண்ணிக்கை அமைய வேண்டும். பழங்குடி மக்கள் அமைப்புகளும், சட்ட உதவி வழங்குவோரும், சட்டத் துறைக்கு வெளியே உள்ளவர்களும் குழுவில் இல்லையென்றால், அவர்களுக்கான இடங்களை உருவாக்க இதைவிட நல்ல தருணம் ஐந்து ஆண்டுகளுக்கு வராது. ஆண்டு நடுவே அமைப்பு விதிகளைத் திருத்துவதற்கு எல்லாத் தரப்பின் கையெழுத்தும் தேவைப்படும். இப்போது அவர்கள் எல்லோரும் எப்படியும் கையெழுத்திடப் போகிறார்கள்.

அரசின் பதில் பற்றிய ஷரத்தையும் கேளுங்கள். இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டுச் சட்டம், சட்ட ஆணையத்தின் பரிந்துரைகள் எந்த அளவுக்கு நிறைவேறின என்பதை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிவிக்கும் கடமையை நீதித் துறைக்குப் பொறுப்பான அமைச்சராகிய லார்ட் சான்சலர் மேல் சுமத்தியது. அதைத் தொடர்ந்து 2010இல் அரசும் ஆணையமும் செய்துகொண்ட நடைமுறை உடன்பாடு, ஓர் அறிக்கைக்கு ஆறு மாதத்துக்குள் இடைக்காலப் பதிலும் ஓராண்டுக்குள் இறுதிப் பதிலும் தர வேண்டும் என்று வகுத்தது. ஒப்பந்தத்தால் அமைந்த சிறிய அமைப்பு அதே அளவு கேட்க முடியாமல் போகலாம். ஆனாலும் அறிக்கை கிடைத்த ஓராண்டுக்குள் அமைச்சகம் எழுத்தில் தன் நிலையைத் தெரிவிக்கும், அந்தப் பதிலை அமைப்பு வெளியிடலாம் என்ற அளவிலாவது ஒரு வரியைப் பெற முயலுங்கள். அமைச்சகம் ‘ஏற்கவில்லை’ என்று எழுதினாலும் அது மௌனத்தைவிட மேலானது; விவாதம் எங்கே நின்றது என்று அடுத்து வருபவர்களுக்குத் தெரியும்.

ஆலோசனைகளில் மக்கள் சொன்ன தனிப்பட்ட விவரங்கள் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கும் என்பதையும் எழுதுங்கள். குடும்ப வன்முறை பற்றி ஒருவர் நம்பிக்கையோடு சொன்ன தகவல், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அமைச்சகத்தின் ஆவணமாகக் கருதப்படும் நிலை வரக் கூடாது. அறிக்கைகளின் பதிப்புரிமை எங்கே இருந்தாலும், எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் பயன்படுத்தவும் நிரந்தர அனுமதி உண்டு என்ற ஷரத்தும் இதோடு சேரட்டும்.

பணத்தை எழுதும் விதம்

தொகை, ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப உயர்வு, தவணைத் தேதிகள் மூன்றும் எழுத்தில் வர வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கும் ஒரே தொகை என்று ஒப்புக்கொண்டால், சம்பளங்கள் உயர உயர நான்காம் ஆண்டில் ஓர் ஆய்வாளரை இழக்க நேரிடும். அரசு எப்போதும் ‘சட்டமன்றத்தின் ஆண்டு ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு’ என்ற வரியைச் சேர்க்கும். அதைத் தவிர்க்க இயலாது. ஆனால் ஒதுக்கீடு குறைந்தால் குறைந்தபட்சம் பன்னிரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதை அதன் பக்கத்திலேயே வைக்கலாம். பணமாக அல்லாமல் தரப்படும் பொருளுதவிகளுக்குத் தனி இணைப்பு போட்டு, அறையின் பரப்பளவு முதல் நூலகத் தரவுத்தளங்கள் வரை பட்டியலிடுங்கள்.

ஒரு தரப்பு விலகினால்

இது நடக்காது என்று எண்ணி ஒப்பந்தம் எழுதக் கூடாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1969இல் சட்டத்தால் அமைந்த ஆணையத்துக்கு அரசு நிதியை நிறுத்தியபோது, அதன் பணியைத் தொடர 1997இல் பிரிட்டிஷ் கொலம்பியா சட்ட நிறுவனம் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. ஒன்டாரியோவில் 1964 முதல் இயங்கிய ஆணையம் 1996இல் மூடப்பட்டது. புதிய ஆணையம் தொடங்க 2007 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கனடாவின் ஒன்றிய அளவிலான சட்ட ஆணையத்துக்கு 2006இல் நிதி நிறுத்தப்பட்டது. அதை உருவாக்கிய சட்டம் நீக்கப்படவே இல்லை. ஆனாலும் அலுவலகம் இல்லை, ஊழியர் இல்லை, அறிக்கை இல்லை. 2021 வரவு செலவுத் திட்டத்தில் மீண்டும் பணம் ஒதுக்கப்பட்ட பிறகே அது எழ முடிந்தது. சட்டத்தால் பிறந்த அமைப்புக்கே இந்த நிலை என்றால், ஒப்பந்தத்தால் வாழும் அமைப்பு விலகல் ஷரத்தைக் கவனமாக எழுதாமல் இருக்க முடியாது.

அந்த ஷரத்தில் நான்கு உறுதிகள் தேவை. ஒரு தரப்பு விலகினால் ஒப்பந்தம் முழுவதும் முறியாது, மீதமுள்ளவர்களிடையே தொடரும். விலகுபவர் குறைந்தது ஓராண்டு முன்னறிவிப்பு தந்து, அந்த ஆண்டுக்கான பங்கையும் செலுத்துவார். ஊழியர்களுக்கான பணிநீக்க இழப்பீட்டை யார் எந்த விகிதத்தில் ஏற்பது என்பது முன்பே எழுதப்பட்டிருக்கும். எல்லாம் முடிந்து மூட நேர்ந்தால், முடிந்த அறிக்கைகளும் பாதியில் நிற்கும் ஆய்வுக் கோப்புகளும் பொது ஆவணக் காப்பகத்திலோ சட்ட நூலகத்திலோ பாதுகாக்கப்படும். ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த கோப்புகள் யாரோ ஒருவரின் கிடங்கில் மக்கிப்போவது எனக்குப் பொறுக்க முடியாத இழப்பாகத் தோன்றுகிறது. அவற்றுள் ஒன்றை வைத்துக்கொண்டு இருபது ஆண்டுகள் கழித்து வேறொருவர் நல்ல சட்டம் எழுதக்கூடும்.

கையெழுத்தும் அதன் பிறகும்

வரைவில் எல்லோரும் உடன்பட்ட பின்னும் கையெழுத்துக்கு மூன்று மாதங்கள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு தரப்பிலும் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்பதை எழுத்தில் பெறுங்கள். சட்டக் கல்லூரி முதல்வர் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்த முடியாது, துறைச் செயலர் சில வேளைகளில் அமைச்சரின் ஒப்பத்தைப் பெற வேண்டியிருக்கும். தனித்தனிப் பிரதிகளில் கையெழுத்திடலாம் என்ற வரி இருந்தால் ஒரே தாள் ஊர் ஊராகச் சுற்ற வேண்டியதில்லை. வழக்கறிஞர் கழகத்திடமும் பல்கலைக்கழகத்திடமும் முதலில் பெற்று, அமைச்சரிடம் கடைசியாகச் செல்வது நல்ல வரிசை. மற்றவர்கள் கையெழுத்திட்ட தாளைத் தாமதப்படுத்த அமைச்சர்கள் விரும்புவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் முடிவுத் தேதிக்குள் முடியாது என்று தெரிந்தால், தேதி கடந்துபோக விடாதீர்கள். பழைய ஒப்பந்தத்தின் எல்லா ஷரத்துகளும் புதியது கையெழுத்தாகும் வரை அல்லது குறித்த ஒரு தேதி வரை தொடரும் என்று ஒரு பக்க நீட்டிப்புக் கடிதத்தில் எல்லாத் தரப்பின் கையெழுத்தையும் பெறுங்கள். நீட்டிப்பின் நிபந்தனையாகப் பழைய உரிமைகளில் எதையும் மாற்றும் வரியைச் சேர்க்க யாராவது முயன்றால், பேச்சுவார்த்தைக்கு உரியவை பேச்சுவார்த்தையிலேயே பேசப்படட்டும் என்று சொல்லி மறுத்துவிடலாம்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதை முழுமையாக வெளியிடுங்கள். எந்தத் தரப்பு என்ன உறுதி தந்தது என்பதைப் பொதுமக்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் படிக்கக் கிடைப்பதே அந்த உறுதிகளுக்கு வலுவான காவல். புதிய ஆட்சிக் குழு உறுப்பினர்களின் முதல் கூட்டத்தில் தன்னாட்சி ஷரத்துகளை வரி வரியாக வாசித்து விளக்குங்கள். மூன்றாம் ஆண்டில் ஒரு சிறிய இடைக்கால ஆய்வை ஒப்பந்தத்திலேயே குறித்திருந்தால், அதற்கான தேதியை இப்போதே எல்லோருடைய நாட்காட்டியிலும் பதிந்துவிடுங்கள். பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுத்தவை, பெற்றவை, தள்ளிவைத்தவை ஆகியவற்றைக் காரணங்களோடு ஒரு குறிப்பாக எழுதி, அடுத்த புதுப்பிப்பை நடத்தப் போகிறவருக்காகக் கையெழுத்திட்ட பிரதியோடு அதே கோப்பில் சேர்த்து வையுங்கள்.